ஒரு நிமிஷம் பிந்திய கோல்

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு இளைஞர். இரண்டு காதிலும் வெள்ளையாக என்னமோ செருகியிருந்தார். கையில் ஃபோன், ஃபோனில் ஃபுட்பால். அடுத்தவர் ஃபோனை எட்டிப் பார்க்கக் கூடாது என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். ஃபுட்பாலுக்கு அந்த விதி பொருந்தாது என்பது என் கட்சி. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது அவருடைய டீம் கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டது. கத்தப் போகிறார், பக்கத்தில் இருப்பவன் தொடையைத் தட்டப் போகிறார் என்று நானும் தொடையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஏதோ குரூப்பில் ஒரு ஸ்டிக்கரைத் தட்டிவிட்டு, கொட்டாவி விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்க வேண்டிய அம்மா மண்டபம் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த்தான் இறங்கினேன்.

இத்தனைக்கும் அது எங்களைப் பலமுறை துவைத்துக் காயப்போட்ட டீம். "எங்களை" என்றால் யாரை என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், அந்த ஊருக்கு ஒரு டீம். பெயர் வேண்டாம், சொன்னால் சிரிப்பீர்கள். அந்த ஊரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பனியன், சட்டை மொத்தமாக விற்கும் கடைதான் எங்களுக்காகத் தேர்ந்தெடுத்தது. நானும் என்னோடு வேலை பார்த்த சம்பத்தும் பெரிய டீம் சட்டை வாங்கத்தான் போனோம். "அதெல்லாம் போயிடுச்சுங்க, இதுதான் இருக்கு" என்று ஒரு கட்டுச் சட்டையை இழுத்துப் போட்டார் கடைக்காரர். பழுப்பிலும் பச்சையிலும் கோடு. நெஞ்சில் கழுதையா குதிரையா என்று தீர்மானிக்க முடியாத ஒரு மிருகம். யாரும் வாங்காமல் மிஞ்சியது ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். சட்டையை வாங்கி வந்த பிறகுதான் இப்படி ஒரு டீம் இருக்கிறதா என்றே தேடினோம். இருந்தது, கடைசிக்கு முந்தின இடத்தில்.

அந்தப் புதுச்சட்டையின் சாய வாடையும் எங்கள் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிப் பூசும் வார்னிஷ் வாடையும் எனக்கு இன்றும் ஒன்றாகத்தான் நினைவில் வரும். பாலக்கரையில் மோட்டார் பம்பு கடை அது. நான் கணக்கு, சம்பத் பில். வையம்பட்டிப் பக்கமிருந்து போர்வெல்லுக்கு மோட்டார் வாங்க வந்தவர்கள், கவுன்ட்டரில் இரண்டு பேர் "மிட்ஃபீல்டே சரியில்லை" என்று துக்கம் கொண்டாடுவதைப் பார்த்து, மோட்டாரில் அப்படி ஒரு பார்ட் இருக்கும்போல என்று நினைத்திருப்பார்கள்.

சம்பத் ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரன். பந்தை உதைத்ததே இல்லை. தெருவில் உருண்டு வந்தாலும் ஒதுங்கி வழி விடுவான். ஆனால் எங்கள் டீமைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. மேட்ச்சுக்கு முன்னால் கோட்டும் டையுமாக உட்கார்ந்து பேசும் பழைய ஆட்டக்காரர்கள், மேட்ச் நடக்கும்போது வர்ணிப்பவர்கள், முடிந்ததும் "இப்படி ஆகும்னு நான் முன்னமே சொன்னேன்" என்கிறவர்கள், ரசிகர்களே நடத்தும் சேனல்கள் என்று ஒன்றையும் விடமாட்டான். ஏன்டா இவ்வளவு என்றால், "பாசுரத்தை வெறுமன வாசிச்சுட்டு எழுந்து போவியோ? வியாக்யானம் கேக்க வேண்டாமோ?" என்பான். பிறந்ததிலிருந்தே உரை கேட்டு வளர்ந்தவனுக்கு மேட்ச் என்பது மூலம் மட்டும்தான். விஷயமெல்லாம் உரையில் இருக்கிறது.

அவனே பிறகு உரைகாரனும் ஆனான். எங்கள் டீமுக்குத் தமிழில் ஒரு ரசிகர் குழு இருந்தது. ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக் ஒருவர் அட்மின், சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் ஒருவர், இன்னும் எங்களைப் போல விதி சரியில்லாத சிலர். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சம்பத் வாய்ஸ் நோட் போடுவான். "நம்ம கோல்கீப்பர் இருக்காரே, அவர் பரம வைஷ்ணவர். வந்தவாளை யாரையும் இல்லைன்னு திருப்பி அனுப்ப மாட்டார்" என்று ஆரம்பித்து முழங்குவான். வேலை முடிந்து முகாமுக்குத் திரும்பும் பஸ்ஸில் அதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே டீம் தோற்கலாம் என்று சிங்கப்பூர்க்காரர் எழுதுவார். டீமும் அவர் மனம் கோணாமல் நடந்துகொண்டது.

நான் குடியிருந்தது பாலக்கரையிலேயே பஷீர் பாய் வீட்டு மாடியில். மேட்ச் பார்ப்பது கீழே பாய் வீட்டு ஹாலில். பாய்க்கு முதலில் ஃபுட்பால் பிடிக்காது. மேட்ச் முடிந்ததும் யூடியூபில் வரும் ஒருவரைத்தான் அவருக்கும் பாயம்மாவுக்கும் பிடித்துப்போனது. ஸ்டேடியம் வாசலில் நின்று, எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, மைக் முன்னால் கோச்சைத் திட்டி அழும் ஒரு குண்டு மனிதர். அவர் சொல்வதில் பாதி புரியாது. "பாவம், இந்த மனுஷன் இன்னைக்கு சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்பார் பாயம்மா. அவருக்காகவாவது ஜெயிக்கக் கூடாதா என்றுதான் பாய் மேட்ச் பார்க்கவே உட்கார்ந்தார்.

சம்பத் மட்டும் அந்த ஹாலுக்கு வர முடியாது. அவன் அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அம்மா இல்லை. பகலில் அத்தை வந்து பார்த்துக்கொள்வார், கடை மூடினதும் இவன் போய்விட வேண்டும். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபோனில் ஏதோ ஓசி லிங்க்கில் மேட்ச் பார்ப்பான். அதில் வர்ணனை யாருக்கும் தெரியாத பாஷையில் வரும். "அரபி இல்லைங்கிறது வரைக்கும்தான் நம்மால சொல்ல முடியும்" என்றார் ஒரு தடவை ஃபோனில் அதைக் கேட்ட பாய். உரை இல்லாமல் இவனுக்கு மேட்ச் இறங்காதே! அதனால் லிங்க்கின் சத்தத்தை அணைத்துவிட்டு, அப்பாவின் பழைய பட்டன் ஃபோனில் என்னைக் கூப்பிட்டு, பாய் வீட்டு டிவி வர்ணனையைக் காதில் வைத்துக்கொள்வான்.

இதில் ஒரு சங்கடம். அந்த லிங்க் டிவியை விட ஏறக்குறைய ஒரு நிமிஷம் பிந்தி வரும். காது முன்னால் போய்விடும், கண் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். எங்கள் டீம் கோல் போடுவதே அபூர்வம். அந்த அபூர்வமும் அவனுக்குப் பழைய செய்தியாகத்தான் போய்ச் சேரும். ஃபோனைக் கையால் பொத்திப் பார்த்தேன். "ஏன்டா சத்தமே இல்லை? போட்டாச்சா?" என்பான். மூச்சை அடக்கிப் பார்த்தேன். "மூச்சு விடலையே, போட்டாச்சு" என்பான். ஊருக்கெல்லாம் வியாக்யானம் சொன்னவன், ஒரு கோலையாவது அது விழும் நேரத்தில் விழுவதாகப் பார்த்ததில்லை. நாங்கள் அவனை இதை வைத்துக் கேலி செய்யாத நாளில்லை. அவனும் சிரிப்பான்.

சீசனின் கடைசி மேட்ச் வந்தது. கடைசி இடங்களில் இருப்பவர்களைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். எங்களுக்கு ஒரு டிரா போதும், தப்பிவிடுவோம். தோற்றால் கீழே. கீழே போனால் நம்மூர் டிவியில் காட்டமாட்டான், ஓசி லிங்க்கும் கிடைக்காது. மேட்ச்சுக்கு முன்தினம் கடையில் பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு சம்பத் சொன்னான்.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்கப்படாது. ஒரே ஒரு கோல். முன்னாடியே தெரியாம நான் பாக்கணும். இறங்கிட்டான்னா அப்புறம் எங்கேர்ந்துடா பாக்கறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் ஆனால் அந்தக் கட்டிலை விட்டு எங்கும் நகர முடியாதவன் கேட்பது இவ்வளவுதானா என்று மனசு கஷ்டமாக இருந்தது.

ஏற்பாடெல்லாம் அவனே செய்தான். பாய் வீட்டு டிவியில் சத்தம் கிடையாது. என் ஃபோன் ஸ்பீக்கரில் இருக்கும், ஹாலில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவன் பார்ப்பதை அவனே வர்ணிப்பான், நாங்கள் கேட்க வேண்டும். யாரும் ஸ்கோர் எழுதிவிடாதபடி ரியாத் அட்மின் குழுவைப் பூட்டிவிட்டார். பாய் தெருவில் இறங்கி எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தார். அங்கே யாரும் மேட்ச்சே பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மே மாதத்துப் புழுக்கம். பாய், பாயம்மா, அவர்கள் மகன்கள் இருவர், நான். ஊமை டிவி. அதற்கு ஒரு நிமிஷம் பின்னால் சம்பத்தின் குரல். நாங்கள் பார்த்து முடித்த பந்தை அவன் அப்போதுதான் எடுத்துக்கொண்டு வருவான். எதிர் டீம் ஒரு கோல் போட்டது. எங்களுக்கு முகம் விழுந்துபோய், அப்புறம் கொஞ்சம் தேறின பிறகுதான் அவன் "ஐயோ" என்றான்.

முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது எங்கள் நெட்டை ஃபார்வர்ட் ஒருவன் தலையால் முட்டி, பந்தை வலைக்குள் போட்டான்.

ஹாலில் எல்லோரும் எழுந்துவிட்டோம். ஒரு சத்தம் இல்லை. பாய் தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டார். சின்ன மகன் தலையணையில் முகத்தைப் புதைத்துக் குதித்தான். நான் என் கையைக் கடித்தேன், தழும்பு ஒரு வாரம் இருந்தது. பாயம்மா கண்ணில் தண்ணீர். ஃபோனில் சம்பத் இன்னும் பழைய கதையில் இருந்தான். "த்ரோ நமக்குத்தான். ஏன்டா இவ்ளோ மெதுவா போறான், இவனுக்கென்ன பல்லக்கா தூக்கணும்?"

அப்போது டிவியில் ரெஃப்ரி காதில் கை வைத்தார். வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு மாற்றும் வழக்கம் அப்போதுதான் வந்திருந்தது. திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள். நெட்டையனின் குதிகால் ஒரு இழை முன்னால் இருந்ததாம், ஆஃப்சைடு. ரெஃப்ரி கையை உயர்த்தினார். கோல் இல்லை.

எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். சம்பத் வந்துகொண்டிருந்தான். "இடது பக்கம் போயாச்சு. கிராஸ் பண்ணப் போறான். பண்ணுடா…"

நான் பாயைப் பார்த்தேன். சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். பாய் வேண்டாமென்று தலையசைத்தார்.

"கோல்! கோல்டா! பெருமாளே! போட்டுட்டான்டா!"

அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அந்தச் சின்ன ஃபோன் அதிர்ந்தது. பாய்தான் முதலில் எழுந்தார். துண்டைச் சுழற்றிக்கொண்டு "கோல்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். மகன்கள் கத்தினார்கள். பாயம்மா கைதட்டினார். இல்லாத கோலுக்கு நானும் தொண்டை கிழியக் கத்தினேன், கண்ணில் நீர் வழிந்தது. எதிர்வீட்டுக்காரர் என்னமோ ஏதோவென்று செருப்பில்லாமல் ஓடி வந்து வாசலில் நின்றார்.

அந்தச் சத்தத்தின் நடுவில் ஃபோனுக்குள் இன்னொரு குரல், மெலிந்து, தெளிவாக. "என்னடா சம்பத், நம்மவன் போட்டுட்டானா?"

அப்பா தூங்குவதாகத்தான் இவன் அத்தனை நாளும் நினைத்திருந்தான். சீசன் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு இவன் உரையைக் கேட்டிருக்கிறார் மனுஷர்.

"போட்டுட்டான்ப்பா! தப்பிச்சோம்ப்பா!"

அப்புறம் அவன் லிங்க்கிலும் ரெஃப்ரி கையை உயர்த்தியிருக்க வேண்டும். கடைசியில் மெதுவாகக் கேட்டான். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமோல்லியோ?"

பாய் ஃபோனை வாங்கிக்கொண்டார். "தம்பி, கோல் விழுந்துச்சா இல்லையா? நீங்க பாத்தீங்கள்ல? அப்புறம் அவனுங்க எடுத்துக்கிட்டா அது அவனுங்க பாடு."

குழுவைத் திறந்ததும் எல்லோரும் சம்பத்தின் வியாக்யானத்துக்குக் காத்திருந்தார்கள். அன்று வந்த வாய்ஸ் நோட் மிகவும் சின்னது. "இன்னிக்கு நம்மவா ஒரு கோல் போட்டா. முன்னாடி தெரியாம பாத்தேன். அடியேனுக்கு அது போதும்."

மறுநாள் கடையில் ஷட்டரைத் தூக்கும்போது சொன்னான். "அப்பாகிட்ட கோல் இல்லைன்னு சொல்லலைடா." பிறகும் சொல்லவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை எங்கள் டீம் இறங்கவே இல்லை.

பஷீர் பாய் வீட்டை விற்றுவிட்டு மகன்களோடு போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். டீம் ஒருவழியாக மேலே ஏறி வந்துவிட்டது. தமிழ் வர்ணனைகூட வருகிறது. சம்பத் பெங்களூரில் இருக்கிறான். வாய்ஸ் நோட் போடுவதில்லை. மேட்ச் முடிந்த மறுநிமிஷம் முப்பது பேர் விளக்கம் சொல்லும்போது நான் எதற்கு என்கிறான். அவன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே வேகத்தில் இன்டர்நெட். எனக்குக் கோல் விழும் நொடியில் அவனுக்கும் விழுந்துவிடுகிறது. அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாமல் மறைக்க வேண்டியதும் இல்லை. அதனால் இப்போதெல்லாம் ஃபோன் பண்ணிக்கொள்வதில்லை.