பின் சீட்டில் இரண்டு வாரம்

போன வியாழக்கிழமை லஸ் பக்கம், ஓடுகிற காரின் பின் சீட்டில் இருந்துகொண்டு, "கையை எடுப்பா!" என்று டிரைவரிடம் கத்தினேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கச் சொன்ன ஒரே முதலாளி நானாகத்தான் இருப்பேன்.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும்...

பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, கேஸை மூடினேனா என்று பார்க்க வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான். இந்த ரகத்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கார் வாங்கப் போன இடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி, "மோதினா என்ன ஆகும்?"

ஷோரூம்காரர் ஏர்பேக் என்று ஒன்றைச் சொன்னார். ஸ்டீயரிங்குக்குள் ஒரு பையை மடித்து வைத்திருப்பார்களாம். வண்டி மோதினால் அது பலூன் மாதிரி உப்பி, ஓட்டுகிறவரின் நெஞ்சைத் தாங்கிக்கொள்ளுமாம். பை இல்லாத மாடல் அடுத்த வாரமே கிடைக்கும். பை உள்ள மாடலுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தேன். பதினான்கு மாதம்! எப்போது போன் செய்தாலும், "நெக்ஸ்ட் மன்த் சார்." அந்தக் குரல் எனக்கு மனப்பாடம்.

ஒருவழியாகக் கார் வந்தது. நாற்பது நாளில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. என் எட்டாங்கிளாஸ் இங்கிலீஷுக்கு 'டியர் கஸ்டமர்' வரைதான் பிடிபட்டது. மிச்சத்தை மனைவி படித்துச் சொன்னாள். பையில் ஏதோ கோளாறு. எங்கும் மோதாமலேயே அது வெடித்துத் திறந்துகொள்ளலாம். பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்டாமல் இருப்பது நல்லது.

உயிரைக் காப்பாற்ற நான் ஆசைப்பட்டு வாங்கிய பை!

பாகம் எப்போது வரும் என்று ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டுமாம். "நெக்ஸ்ட் மன்த் சார்."

பதினான்கு மாதம் காத்திருந்து வாங்கிய காரைக் கவர் போட்டு மூடி வைக்க மனசு வருமா? சொந்தக்காரர்களுக்கெல்லாம் வேறு சொல்லியாகிவிட்டது. நான் செய்தது என்ன தெரியுமா? ஒரு டிரைவரை வேலைக்கு வைத்தேன்.

செல்வம். கோடம்பாக்கத்தில் சினிமா கம்பெனி வேன் ஓட்டியவர். இரண்டு பெண் குழந்தைகள். தினமும் சைக்கிளில் அடையாறில் எங்கள் வீட்டுக்கு வந்து, காரைத் துடைத்துவிட்டுத்தான் எடுப்பார்.

"ஏங்க, அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள். சொல்கிறேன் என்றேன். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் நாளிலிருந்து அவள் காரில் ஏறவில்லை. நான் மட்டும் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, டிராஃபிக் தொல்லை தீர்ந்தது என்று எனக்கே கதை விட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய ஒரு பள்ளத்தில் கார் தடாலென்று இறங்கியது. அப்போதுதான் அந்தக் கத்தல்.

பை திறக்கவில்லை. செல்வம் நிதானமாக வண்டியை ஓரங்கட்டினார். நான் கடித விஷயத்தை உளற ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்" என்றார். "போன வாரம் போலீஸ்காரர் ஆர்.சி. புக் கேட்டாரு. டேஷ்போர்டுல தேடச்சொல்ல அந்த லெட்டர் கையில மாட்டுச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் படிச்சு சொன்னாரு."

"அப்புறம் ஏன் ஓட்டினீங்க?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்து சாவியை நீட்டினார்.

"என்னை உங்க வூட்டாண்ட விட்டுடுங்க சார். சைக்கிள் அங்கதான கீது."

பின் சீட்டில் அவர் உட்கார்ந்தார். லஸ்ஸிலிருந்து அடையாறு வரை அந்தப் பைக்கு எதிரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நான் ஓட்டினேன். இவ்வளவு நீளமான ரோடா அது? "லெஃப்ட்ல பள்ளம் சார், மெதுவா" என்று பின்னாலிருந்து அவர்தான் சொல்லிக்கொண்டே வந்தார்.

கார் இப்போது கவருக்குள் இருக்கிறது. செல்வம் வருவதில்லை.

பதினாறு மாதமாக அந்தக் கம்பெனியைத் திட்டாத நாளில்லை. ஆனால் ஒன்று — அவர்கள் என்னிடம் சொன்னார்கள்.