தலைக்கு நாலு குடம்

புதுச்சேரியில் ஏது மலை என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இது நடந்தது. 1936, ஆகஸ்ட் 15, மாதா திருநாள். மாலை 6 மணி 10 நிமிடம்.

உழவர்கரைக்கு அப்பால் ஒரு செம்மண் மேடு. உச்சியில் மாதா கெபி, சின்னக் குகைக்கோயில். பிரான்சின் மார்சேய் நகரில் மலையேறும் ரயிலைப் பார்த்து மயங்கிய கப்பல் வியாபாரி ஒருவர், ஆசைப்பட்டு இங்கேயும் ஒன்று கட்டினார். ஒரே கயிற்றின் இரண்டு முனையில் இரண்டு பெட்டிகள். எஞ்சின் கிடையாது. மேல் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் அது கனத்து இறங்கும். கீழ்ப் பெட்டி ஆட்களோடு ஏறும். உச்சிக்குப் போனால் கடல் தெரியும். அதைப் பார்க்க ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரும்.

மேலே பிரேக் பிடிப்பவன் லூர்துநாதன். கீழே ஆள் ஏற்றுபவன் கன்னியப்பன். எத்தனை பேரோ அத்தனை மணி அடிப்பான். தலைக்கு நாலு குடம். இரண்டு வருடத்தில் லூர்துநாதன் ஒரு குடம் தப்பியதில்லை.

அன்று அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மனைவி ஆனந்தமேரி எட்டு மாதக் கர்ப்பிணி. முதல் இரண்டும் தங்கவில்லை. இதாவது பிழைக்க வேண்டுமென்று கெபியில் மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறாள்.

டிங். ஒரே மணி.

நாலு குடம் ஊற்றி, பிரேக்கைத் தளர்த்தினான்.

பெட்டி அசையவில்லை.

ஐந்து... ஆறு... ஏழு... கயிறு கிரீச்சிட்டது. எட்டாவது குடத்தில்தான் நகர்ந்தது.

எட்டுக் குடம். இரண்டு பேர்!

"கன்னியப்பா! எத்தினி பேரு?"

"உன் ஊட்டுக்காரி மட்டுந்தாம்ப்பா!"

6.14. பாதி வழியில் பெட்டிகள் ஒன்றையொன்று கடந்தன. அப்போது...

ஏறும் பெட்டியின் கனம் சட்டென்று குறைந்தது. யாரோ இறங்கியதுபோல.

கயிறு பாய்ந்தது. ஆனந்தமேரியின் பெட்டி தறிகெட்டு மேலே வந்தது. உச்சிக் கப்பியில் மோதினால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. லூர்துநாதன் பிரேக்கைக் கட்டிப்பிடித்துத் தொங்கினான். உள்ளங்கை உரிந்தது.

"மாதாவே... மாதாவே..."

நின்றது. கப்பிக்கு ஒரு சாண் தூரத்தில்.

அவள் நிதானமாக இறங்கினாள். முகத்தில் பயமே இல்லை. அதுதான் அவனை நடுங்க வைத்தது.

"கூட யாரு வந்தது?"

"ஒரு அம்மா. நனைஞ்ச பொடவ. பாதியில வண்டி நின்னுச்சில்ல, எறங்கிட்டாங்க."

வண்டி எங்கும் நிற்கவில்லை.

"என்ன பேசினாங்க?"

"பையனுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. சொன்னேன்."

ஞானஸ்நானத்துக்கு முன்னால் பிள்ளையின் பேரை வெளியே சொல்லக் கூடாது. அவர்கள் வீட்டுக் கண்டிப்பு அது. சொல்லிவிட்டாளே, பாவி!

"எறங்கும்போது அந்தப் பேரச் சொல்லி, 'வாடா'ன்னாங்க," என்றாள். "யாரக் கூப்ட்டாங்கன்னு தெரியல."

பதினோராம் நாள் வலி கண்டது. மருத்துவச்சி செல்வாம்பாள் பிள்ளையை எடுத்தாள். ஆண். அழவில்லை.

தோலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது இன்னிக்கி நேத்திக்கிப் போன உசுரு இல்லப்பா. பத்து நாளுக்கு மேல ஆயிடுச்சி."

"பொய்!" ஆனந்தமேரி அலறினாள். "தெனமும் ஒதச்சிச்சே! நேத்துகூட ஒதச்சிச்சே!"

லூர்துநாதன் தன் உரிந்த உள்ளங்கையை விரித்தான். நேற்று அவனும்தான் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான்.

உதைத்தது.