உள்ளான்கள் வந்த ஐப்பசி

எங்கள் வீட்டில் ராஜபாளையத்து வெள்ளை நாய் வளர்த்தோம். அந்த ஜாதியில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் குட்டி நடக்கத் தொடங்கியதும், அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டுவேன். திரும்பினால் சரி. எத்தனையோ குட்டிகளுக்குத் தட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை.

என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. "பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா பாருங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னதை இறுகப் பிடித்துக்கொண்டேன். தட்டு அடுப்படியில்தான் இருந்தது. எடுக்கத் துணிச்சல் வரவில்லை. கோழை, வேறென்ன!

எண்பதுகளின் கடைசி. அந்த ஐப்பசியில் கண்மாய் பெருகி, வடக்கேயிருந்து உள்ளான்களும் வாத்துகளும் வந்து இறங்கியிருந்தன. மில்லில் ஷிப்ட் முடிந்ததும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மனைவியோடு கரையில் நடப்பேன். ஒவ்வொரு பறவையின் பேரையும் மகள் காதோரம் சொல்லிக்கொண்டே போவேன். ஆனால் என் கண் பறவையில் இருக்காது. உள்ளான் கத்துகிறதே, திரும்புகிறாளா? திரும்பினால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. சாயங்கால வெயிலில் அவள் எங்களுக்கு முன்னால் குத்தவைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ அணுகுண்டைக் கொளுத்திப் போட்டார்கள். கண்மாயிலிருந்த அத்தனை பறவைகளும் ஒரே மூச்சில் எழும்பின. அவள் கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தரையில் நிழல்கள் ஓடிய பிறகுதான் நிமிர்ந்தாள். வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தாள்.

"வெளாட்டு மும்முரம். அதான் கவனிக்கல" என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நான் ஆடி மாசமே தட்ட எடுத்துத் தட்டிப் பாத்துட்டேங்க. மூணு நாளு, மூணு தடவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" கோபம்தான் முதலில் வந்தது.

"நீங்க அவகிட்ட ஓயாமப் பேசிட்டே இருக்கிய. சொன்னா, பேச்ச நிறுத்திருவியளோன்னு பயமா இருந்துச்சு."

மகள் ஓடிவந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்து, மேலே கைகாட்டினாள். நான் தூக்கவில்லை. உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, "உள்ளான், தாயி. உள்ளான்" என்றேன்.