கட்டுப்போட்ட கையும் கம்பெனி பில்லும்

கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் அரிசி மூட்டை சரிந்து என் வீட்டுக்காரரின் வலது கையில் விழுந்தபோது, கம்பெனி டாக்டரிடம் போகவேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கை முறிந்தால் பினாங்கில் எங்கள் ஆட்கள் போவது ஒரே இடத்துக்குத்தான். பக்கத்துச் சந்தில் கட்டுப்போடும் ராவுத்தர் வீடு. முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் அசையவே இல்லை. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அடிபட்ட கூலிக்குக் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆபீசுக்குப் போனோம். அங்கே கணக்கு எழுதும் கிராணி நம்ம தமிழாள்தான். ஆனால் வெள்ளைக்காரத் துரையைவிட விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனி டாக்டர் பார்க்கல. அப்போ வைத்தியம் பார்த்தவரோட பில் வேணும்மா. பில் இல்லேன்னா வைத்தியமே நடக்கல. வைத்தியம் நடக்கலேன்னா அடியே படல. ரூல் அப்படி லா."

அடப் பாவி! அப்படியானால் இத்தனை நாளும் நான் சோறு ஊட்டிவிட்டது யாருக்கு?

ராவுத்தரிடம் ஓடினேன். அவர் கட்டுப்போட யாரிடமும் காசு வாங்கமாட்டார். வெற்றிலை பாக்கு, அதோடு சரி. காசு வாங்கினால் கைராசி போய்விடும் என்று அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொன்னாராம்.

"வாங்காத காசுக்கு எப்படிம்மா பில் எழுதுறது? பொய்யாயிடும்ல?"

"பாய், உங்க கைராசியைக் காப்பாத்துறேன்னு எங்க கஞ்சியில மண்ணைப் போட்டுடாதீங்க" என்று அழுதேவிட்டேன்.

மனிதர் இளகினார். எலும்பு முறிந்தது, கட்டியது, விரல் அசையாதது எல்லாவற்றையும் சுத்தமாக எழுதினார். கட்டணம் என்ற இடத்தில் மட்டும், பொய் சொல்லக்கூடாதே, 'ஒன்றுமில்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

கிராணி அதை வாசித்ததும் முகம் மலர்ந்தார்.

"பில் சரியா இருக்கு. கட்டணம் ஒண்ணுமில்ல. அதை அப்படியே கம்பெனி கொடுத்தாச்சு. கேஸ் முடிஞ்சது."

"அப்போ கைக்கு?" என்றேன்.

"கைக்குத் தனி பில் இருக்கா?"

கணக்குத் தீர்ந்ததற்கு வலது கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஆபீசில் எதிர்த்துப் பேசிப் பழகாதவர். இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கிராணி அந்த விரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

"ஆட்டாம வைங்கண்ணே, மை ஈஷிடும்."

நான் கிராணியைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆட்ட முடிஞ்சா நாங்க ஏன்யா இங்க வர்றோம்?"