உள் லைட்

சுனாமிக்குப் பிறகு செட்டிபாளையத்தில் எங்கள் கணினி நிலையத்துக்குக் கிடைத்தவை எல்லாம் லினக்ஸ் கணினிகள். உள்நாட்டுச் சண்டை முடிந்த வருடம் அங்கே ஒருவர் வந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, ஓயாமல் ஆடும் முழங்கால். சண்டைக்காலத்தில் ஓட்டுவதை விட்ட பஸ் சாரதி. விண்டோஸ் பஸ் விளையாட்டும், அதில் நம்மூர் பஸ்சைச் சேர்க்கும் 'மோட்' என்ற கூடுதல் கோப்புகளும் பென் டிரைவில் வைத்திருந்தார்.

"திங்கக்கிழமை மறுகா பஸ் எடுக்கணும் புள்ள. கை பழகட்டும்."

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' மூலம் நிறுவிக் கொடுத்தேன். திரையில் இரவு. முதல் தடைக்கம்பத்திலேயே நிறுத்திவிட்டார்.

"திறந்துதானே கிடக்கு, போங்கண்ணன்."

"உள் லைட் எரியல்லியே. இருட்டோட போனா செக்பொயின்ட்ல ஆமிக்காரனுகள் சுடுவானுகள்."

"விளையாட்டுக்குள்ள ஆரு சுடுற?"

சிரித்தார். பஸ்சை நகர்த்தவில்லை.

மோடின் விளக்குக் கோப்பு தவறான கோப்புறையில் கிடந்தது. மாற்றினேன். உள்ளே வெளிச்சம் வந்ததும் மெதுவாகக் கடந்தார். முழங்கால் ஆட்டம் நின்றது.

திங்களன்று பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். உச்சி வெயிலில் ஒரு பஸ், உள் லைட் எல்லாம் எரியக் கடந்து போனது.