ஏ வகை ரத்தம்

நாகோயா தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவன் நான். எங்கள் ஜப்பானில் ரத்த வகையை வைத்தே குணம் சொல்வார்கள்: ஏ என்றால் ஒழுங்கு, பி என்றால் அலட்சியம். அப்பாவைப் போல எனக்கும் ஏ வகை ரத்தம், அதனால்தான் ஒழுங்கானவன் என்று பீற்றிக்கொள்வேன். மனைவி ஃபுமியே பி வகை. அவள் குடையைத் தொலைத்தாலும், சோறு குழைந்தாலும் விருந்தாளிகள் முன்னால், "பி ரத்தம், வேற எப்படி இருக்கும்?" என்பேன். அவள் தேநீர் ஊற்றுவாள்.

போன வாரம் ஆபரேஷனுக்காக ரத்தம் சோதித்தார்கள். நான் பி. சீட்டை அவளிடம் நீட்டினேன்.

"தெரியும்ங்க. கல்யாணமான புதுசுல உங்க கால் முறிஞ்சப்பவே ஆஸ்பத்திரி சீட்டுல பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"ஏ-ன்னு நம்பித்தானே தினம் ஷூவை ஒழுங்கா அடுக்கி வைக்கிறீங்க. சொன்னா அதையும் விட்டுடுவீங்க."

வீடு திரும்பியதும் வாசலில் ஷூவை அடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.