கயிறு பிடிப்பவன்

நான் எதையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. தேங்காய் வாங்கினால்கூட நாலு முறை ஆட்டிப் பார்ப்பேன். எங்கள் சிறுவர் நாடகக் குழுவின் டைரக்டர் மேடம், மலையில் தேன் எடுக்கும் பளியர்களின் கதையையும் கோபுரத்தில் அடைபட்ட பெண் கூந்தலைத் தொங்கவிடும் வெள்ளைக்காரக் கதையையும் ஒன்றாக்கப் போவதாகச் சொன்னபோது, "ரசத்துல கேக்கை முக்குற கதையா இருக்கே மேடம்" என்றேன்.

"ரெண்டு கதையிலயும் ஒரு ஆளு அடுத்தவங்க கையை நம்பித் தொங்குறான். அது போதும்" என்றார். தேன் எடுப்பவன் வேஷத்தையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்.

ஒத்திகை பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாடி உயரத்துக்கு மூங்கில் சாரம், அதை மறைக்க அட்டைக் கோபுரம். கூந்தல் என்பது கறுப்புத் துணி சுற்றிய கயிறு. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் உச்சியிலிருந்து இறங்க, கீழே பிள்ளைகள் தேனீக்களாக ரீங்காரமிடுவார்கள். மேலே அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு என்னை இறக்குவது என் தம்பி. என் மனைவியின் தம்பியும் குழுவில்தான் இருந்தான். அவனுக்கு லைட் வேலை.

கதை கொடுத்த பளியர் ஒருநாள் ஒத்திகை பார்க்க வந்தார். நான் இறங்கி முடித்ததும், "கயிறு பிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

"எந்தம்பிண்ணே."

"கூடாது. எங்க ஆளுகள்ல மச்சினன்தான் பிடிப்பான். கயிறு அந்துபோச்சுன்னா அவன் அக்கா தாலியில்ல போகும்? அண்ணந்தம்பிக்கு என்ன, பங்கு கூடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் அதையும் நாடகத்தில் சேர்த்துவிடலாம் என்று குதித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளாங்குடியில் அப்பா விட்டுப்போன மனை இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. தம்பி அங்கே யாரையோ கூட்டிப்போய் இடத்தைக் காட்டினான் என்று என் காதுக்கு வந்திருந்தது. நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பங்காளிக் காய்ச்சல் வாயை அடைத்துவிடும்.

மறுபடி இறங்கச் சொன்னார்கள். உச்சியில் நின்று தம்பியின் கையைப் பார்த்தேன். சின்ன வயதில் என் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு வந்த அதே கைதான். ஆனாலும் நிஜமாகவே பயந்தேன்.

"மாப்ள, நீ வந்து பிடி" என்று மச்சினனைக் கூப்பிட்டேன். நாடகத்துக்காகச் சொல்வதுபோல்தான் சொல்லப் பார்த்தேன், குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"வாரேன் மச்சான். எங்க அக்காவுக்காகத்தான், உங்களுக்காக இல்ல" என்று சிரித்தபடி அவன் சாரத்தில் ஏறினான். கீழே பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தம்பி என் இடுப்பு முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, கயிற்றை மச்சினன் கையில் கொடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ஏண்ணே, இந்த வேஷத்தை என்னைக்காச்சும் நான் போட்டா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே. எனக்கு யாருண்ணே கயிறு பிடிப்பா?"

அவன் குத்திக்காட்டவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.